வாழைமரம் போட்ட நோட்டு



எங்கள் பாட்டி இறந்தபின் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். தோட்டத்தில் லயத்து வீட்டில் வாழ்ந்த பெண்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. இரண்டு சேலைகள், ஒரு விபூதிப் பை, பிறப்புப் பத்திரங்கள், துணியில் முடிந்த ஒரு மூக்குத்தி. எல்லாவற்றுக்கும் அடியில், வாழைநார் போட்டுக் கட்டிய ஒரு காகிதக் கட்டு கிடந்தது. அவிழ்த்தால் அத்தனையும் பத்து வெள்ளி நோட்டுகள். எண்ணிப் பார்த்தோம், நாற்பத்தேழு இருந்தன. நானூற்று எழுபது வெள்ளி! ஒரு கணம் எங்கள் கண்கள் விரிந்துதான் போயின. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். “அது சப்பான்காரன் காசு அப்பா. வாழைமர நோட்டு. அதை வைத்து ஒரு நெருப்புப் பெட்டிகூட வாங்க முடியாது” என்றார்.

வாங்க முடியாத பணத்தைப் பாட்டி ஏன் சாகும்வரை கட்டி வைத்திருந்தார்? அந்தக் கேள்விதான் எங்களை இந்தப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு கட்டு இருந்திருக்கும். குழந்தைகள் கடை வைத்து விளையாடக் கொடுத்திருப்பீர்கள். அந்த நோட்டு எப்படி வந்தது, எப்படிச் செத்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், அதற்கு முன்பு இருந்த பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போருக்கு முந்திய மலாயா வெள்ளி நோட்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும். 1938இல் அமைக்கப்பட்ட மலாயா நாணய ஆணையர் வாரியம் அதை வெளியிட்டது. ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்பது விலை. அதாவது அறுபது வெள்ளிக்கு ஏழு பவுன். இந்தக் கணக்கு 1906 முதல் மாறாமல் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாரியம் நினைத்தபடி நோட்டடிக்க முடியாது. ஒரு வெள்ளி நோட்டு வெளியே போகவேண்டுமானால் அதற்கு ஈடான பவுன் உள்ளே வரவேண்டும். அந்த ஈட்டுப்பணம் பெரும்பாலும் லண்டனில் கிடந்தது. வெள்ளைக்காரன் நம்மேல் கொண்ட அன்பினால் செய்த ஏற்பாடு இது என்று யாரும் எண்ண வேண்டாம். அவனுடைய ரப்பர் வாணிகத்துக்கும் ஈய வாணிகத்துக்கும் ஆடாத பணம் தேவைப்பட்டது. ஆனால் அந்த ஈடு லண்டனில் கிடந்த காரணத்தால் பின்னால் என்ன நடந்தது என்பதைப் பார்க்கப் போகிறோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. எழுபதே நாள். சிங்கப்பூருக்குச் சியோனான் என்று புதுப்பெயர் வைத்தார்கள். படை வந்தபோதே பணமும் கூடவே வந்தது. முன்கூட்டியே அச்சடித்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஊரைப் பிடிக்குமுன்பே ஊருக்கான நோட்டை அச்சடித்து வைத்திருந்தார்கள் என்றால், எவ்வளவு நாள் போட்ட திட்டம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்போது பாட்டியின் கட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பார்ப்போம். பச்சையும் நீலமும் கலந்த மை. ஒரு பக்கத்தில் வாழைமரம், குலை தள்ளி நிற்கிறது. பக்கத்தில் வேறு மரங்களும் கனிகளும். பின்புறத்தில் தொலைவில் கடலில் ஒரு கப்பல். ஒரு வெள்ளி நோட்டில் ஈரப்பலா மரமும் தென்னையும் இருக்கும். ஐந்து வெள்ளியில் தென்னையும் பப்பாளியும். ஐம்பது காசு நோட்டில் விசிறிபோல் விரிந்த ஒரு மரம். ஆம், நேயர்களே, ஐம்பது காசும் காகிதம்தான். பத்துக் காசு, ஐந்து காசு, ஒரு காசுகூடக் காகிதம்தான். உலோகத்தைப் போருக்கு வைத்துக்கொண்டு மக்களுக்குக் காகிதத்தைக் கொடுத்தார்கள். இத்தனை மரங்கள் இருந்தும் மக்கள் வாயில் நின்றது பத்து வெள்ளியில் இருந்த வாழை மட்டுமே. மலாய்க்காரர்கள் ‘டூயிட் பீசாங்’ என்றார்கள். நம்மவர்கள் வாழைமர நோட்டு என்றார்கள்.

எழுத்தைப் படித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆங்கிலத்தை ஒழிக்க வந்தவர்களின் நோட்டில் ஆங்கில எழுத்து! ‘ஜப்பானிய அரசாங்கம், இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் பத்து வெள்ளி தருவதாக வாக்களிக்கிறது’ என்பது அதன் பொருள். எந்த இடத்தில் கேட்பது? சொல்லவில்லை. எந்த வெள்ளியைத் தருவார்கள்? சொல்லவில்லை. நோட்டில் தேதியும் இல்லை. ஆங்கில ‘எம்’ எழுத்தில் தொடங்கும் ஒரு குறி இருக்கும். மலாயாவுக்கு ‘எம்’, பர்மாவுக்கு ‘பி’ என்று இடத்துக்கு ஓர் எழுத்து. முதலில் வந்த நோட்டுகளில் அந்தக் குறியோடு வரிசை எண்ணும் இருந்தது. பின்னால் எண்ணை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்தார்கள். நோட்டுக்கு எண் இல்லாவிட்டால் எத்தனை நோட்டு அடித்தோம் என்று வெளியில் யாருக்கும் கணக்குத் தெரியாது. கள்ள நோட்டு அடிப்பவனுக்கும் வேலை எளிது. நாள் செல்லச் செல்லத் தாளும் மட்டம், மையும் மட்டம்.

இந்தப் புது நோட்டும் பழைய மன்னர் தலை நோட்டும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்று அறிவித்தார்கள். இரண்டும் சந்தையில் செல்லும். சமம் என்று படை சொன்னால் மக்கள் மறுத்துப் பேச முடியுமா? வாய்திறக்கவில்லை. ஆனால் கை பேசியது. கடைக்குப் போகும்போது வாழைமர நோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். மன்னர் நோட்டைப் பானைக்குள்ளும் தூணுக்கடியிலும் ஒளித்து வைத்தார்கள். சில மாதங்களில் பழைய நோட்டு கண்ணுக்கே தென்படவில்லை. இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். இரண்டு பணம் சமம் என்று சட்டம் சொல்லி, ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டால், நல்லது வீட்டுக்குள் போய்விடும். கெட்டதுதான் தெருவில் சுற்றும்.

ஒளித்து வைக்க நம்மவர்களிடம் எவ்வளவு இருந்தது என்பது வேறு கேள்வி. போருக்கு முன் தோட்டத்தில் ஆண் ஆளுக்கு நாள் கூலி ஐம்பது காசு அளவில்தான் இருந்தது. அதை அறுபதாக்கக் கேட்டு 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட கதையும் உங்களுக்குத் தெரியும். பத்துக் காசு உயர்வுக்காக உயிர்! கடையில் கடன், கங்காணியிடம் கைமாற்று, மீதி இருந்தால் ஊருக்கு மணியார்டர். இப்படி வாழ்ந்தவர்களிடம் மன்னர் நோட்டு எத்தனை இருந்திருக்கும்? நகரத்தில் வணிகம் செய்தவனுக்கு ஒளிக்கப் பணம் இருந்தது. பணம் இல்லாவிட்டாலும் சரக்கு இருந்தது. துணி இருந்தது, சர்க்கரை இருந்தது, மருந்து இருந்தது. விலை ஏறினால் அவனுடைய சரக்கும் கூடவே ஏறும். தோட்டத்தாளிடம் இருந்த ஒரே சரக்கு அவனுடைய இரண்டு கைகள். அந்தக் கைக்குக் கூலியாகக் கிடைத்ததோ வாழைமரம்.

கூலியும் நாள் தவறாமல் கிடைத்ததா? அதுவும் இல்லை. மலாயா ரப்பரை வாங்கியவர்கள் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும். போர் வந்ததும் அந்தக் கப்பல்கள் நின்றுவிட்டன. ஜப்பானுக்கு வேண்டியதோ இந்த நாட்டில் இறங்கிய பாலில் ஒரு சிறு பங்கு. துரைமார்கள் சிறைக்குப் போனார்கள். பல தோட்டங்களில் கிராணியாரும் கங்காணியும் மட்டும் மிஞ்சினார்கள். பெரட்டு மணி அடித்தாலும் மரம் வெட்ட உத்தரவில்லை. சில இடங்களில் பால்மரத்தையே வெட்டிச் சாய்த்து மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். அரிசியின் கதை அதைவிட மோசம். போருக்கு முன் நாம் உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. அந்த வரத்து சுருங்கியது. பங்கீட்டு அரிசி ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. மூன்று வேளையும் கிழங்கு தின்று கால் வீங்கியவர்களையும், கோணிச்சாக்கை இடுப்பில் கட்டி நடந்தவர்களையும் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

சரக்கு குறைகிறது, நோட்டு கூடுகிறது. ஜப்பானியப் படைக்கு ஏதேனும் வாங்கவேண்டும், யாருக்கேனும் கூலி கொடுக்கவேண்டும் என்றால் அதற்கு வழி அச்சு யந்திரத்தைச் சுற்றுவதுதான். ஈடு என்று ஒன்றும் வைக்கவில்லை. நிர்வாகத்துக்கே பயம் வந்து, மக்கள் கையிலிருந்த நோட்டைத் திரும்ப உறிஞ்ச வழி தேடியது. சேமிப்பு இயக்கம் நடத்தினார்கள். 1943இல் ‘கோனான் சாய்க்கென்’ என்று ஒரு லாட்டரிச் சீட்டும் விற்றார்கள். ஒரு பக்கம் துடைப்பத்தால் கூட்டி, மறுபக்கம் கூடை கூடையாகக் கொட்டினால் வீடு எப்படிச் சுத்தமாகும்?

இங்கே சிறிது கணக்குப் போட்டால்தான் விளங்கும். பேனா வேண்டாம், மனக்கணக்கே போதும். போருக்கு முன் அரிசி பிக்குள் ஐந்து வெள்ளி அளவில் விற்றது. ஒரு பிக்குளுக்கு நூறு காத்தி. ஆக, ஒரு காத்தி ஐந்து காசு. ஐம்பது காசுக் கூலிக்குப் பத்துக் காத்தி அரிசி. சரி. 1945 நடுவில் சிங்கப்பூர்க் கறுப்புச் சந்தையில் ஒரு பிக்குள் அரிசி ஐயாயிரம் வெள்ளி அளவுக்கு ஏறிவிட்டது. ஆயிரம் மடங்கு. காத்தி ஐம்பது வெள்ளி. நம் ஆளுடைய கூலியும் பத்து மடங்கு உயர்ந்து ஐந்து வெள்ளியாயிற்று என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு காத்தி அரிசிக்கு அவன் பத்து நாள் உழைக்க வேண்டும். முன்பு ஒரு நாள் கூலிக்குப் பத்துக் காத்தி. இப்போது பத்து நாள் கூலிக்கு ஒரு காத்தி. செக்ரோலில் பார்த்தால் அவனுக்குச் சம்பள உயர்வு!

இந்த நிலையில் பத்து வெள்ளி நோட்டு போதவில்லை. 1944இல் நூறு வெள்ளி நோட்டு வந்தது. 1945இல் ஆயிரம் வெள்ளி நோட்டும் வந்தது; அதில் ஒரு மாட்டு வண்டி. நூறு வெள்ளியிலும் 1945இல் ஒரு புது மாதிரி வெளியாயிற்று. அதை நாங்கள் ஒரு நாணயச் சேகரிப்பாளரிடம் பார்த்தோம். பார்த்ததும் பேச்சு வரவில்லை. அந்த நோட்டின் வலப்பக்கத்தில் இருப்பது ரப்பர்த் தோட்டம். மரங்களுக்கிடையே வேலை செய்யும் தோட்டத் தொழிலாளர். வெள்ளைக்காரன் இத்தனை ஆண்டுகள் இந்த மண்ணில் நோட்டடித்தான். தன் மன்னர் தலையைப் போட்டானேயொழிய, பால்வெட்டுக்காரனைப் போடவில்லை. போட்டது ஜப்பானிய நோட்டு. அதுவும் அந்த நோட்டுக்கு ஒரு பிடி அரிசிகூட ஒழுங்காகக் கிடைக்காத ஆண்டில்! மரம் வெட்ட உத்தரவில்லாத தோட்டத்தில், வேலை செய்வதுபோல் ஒரு படம்.

வேலைக்கு ஆள் எடுத்தது வேறு இடத்துக்கு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, 1942, 1943 ஆண்டுகளில், நம் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாய் ஆட்களைக் கொண்டுபோனார்கள். நல்ல சம்பளம், சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லி அழைத்தார்கள். வராதவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். பேதியும் மலேரியாவும் பட்டினியும் பாதிப்பேரை அங்கேயே புதைத்தன. சயாம் மரண ரயில் தனியாகப் பேசவேண்டிய கதை; இங்கே அரைகுறையாகச் சொல்லி முடிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பாட்டியின் கட்டுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை மட்டும் சொல்கிறோம். எங்கள் தாத்தா அந்த வண்டியில் போனவர். போகும்போது வீட்டுச் செலவுக்கென்று கையில் கொடுத்த முன்பணம்தான் அந்த நோட்டுகள். தாத்தா திரும்பவில்லை. பாட்டி அதைச் செலவு செய்யவும் இல்லை.

அந்த நாளில் நோட்டை வேறு வழியில் கொடுத்தவர்களும் உண்டு. நேதாஜி மலாயாவுக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்துக்கு நிதி கேட்டபோது தோட்டப் பெண்கள் தாலிக்கொடியையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறோம். பெட்டியிலிருந்த வாழைமர நோட்டையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அந்த நிதியைக் கையாள 1944இல் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பொன் எந்த ஆட்சியிலும் பொன்தான். நோட்டின் விதி அப்படியில்லை.

கடன் விஷயத்தில் இன்னொரு கூத்து நடந்தது. போருக்கு முன் செட்டியார்களிடம் நிலத்தை அடகு வைத்து நல்ல வெள்ளியில் கடன் வாங்கியவர்கள், விலை ஏறிய காலத்தில் வாழைமர நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டி அடகுப் பத்திரத்தை மீட்டார்கள். ஆயிரம் வெள்ளிக் கடனை நாலு மூட்டை கிழங்கு விற்ற பணத்தில் அடைக்கலாம் என்றால் யார் விடுவார்? வேண்டாம் என்று செட்டியார் சொல்ல முடியாது. ஜப்பானியர் நோட்டை மறுத்தான் என்று யாரேனும் போய்ச் சொன்னால் கெம்பித்தாய் வந்து நிற்கும். வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். நம்மில் பலருக்கு வட்டிக்கடையின்மேல் பெரிய இரக்கம் எழாது; உண்மைதான். ஆனாலும் கொடுத்தது ஒன்று, வாங்கியது வேறொன்று.

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. செய்தி உடனே தோட்டத்துக்கு எட்டவில்லை. நகரத்தில் காற்றுவாக்கில் பரவிய அன்றே கடைக்காரர்கள் சரக்கை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். கையில் நோட்டு வைத்திருந்தவர்கள் எதையாவது வாங்கிவிட வேண்டும் என்று ஓடினார்கள். குடையோ, பூட்டோ, உடைந்த சைக்கிளோ, எது கிடைத்தாலும் சரி. தோட்டத்திலிருந்து நடந்து கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு மூடிய கதவுதான் கிடைத்தது. செப்டம்பர் 3இல் பினாங்கிலும், 5இல் சிங்கப்பூரிலும், 9இல் மோரிப் கடற்கரையிலும் பிரிட்டிஷ் படை இறங்கியது. ஜப்பானிய நோட்டு செல்லாது என்று இராணுவ நிர்வாகம் அறிவித்தது. மாற்றிக் கொடுக்கத் தவணை இல்லை. ஆயிரத்துக்கு ஒன்று என்றுகூட இல்லை. முழுப் பூஜ்யம். மூன்றரை ஆண்டு உழைப்பு தெருவில் பறந்தது. சிலர் அதில் சுருட்டுப் பற்றவைத்தார்கள். சிலர் சுவரில் ஒட்டினார்கள்.

தூணுக்கடியில் மன்னர் நோட்டு வைத்திருந்தவன் மறுநாளே பணக்காரன் ஆனான். அந்த நோட்டு அப்படியே செல்லும் என்று அறிவித்துவிட்டார்கள். முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, அதன் ஈடு லண்டனில் கிடந்தது. ஜப்பானியர் கைக்கு எட்டவில்லை. மறுபடியும் பணம் பணமாகிவிட்டது. கடன் வழக்குகள் மட்டும் நீதிமன்றங்களில் குவிந்தன. 1948இல் ஒரு சட்டம் செய்து, எந்த மாதத்தில் எத்தனை ஜப்பான் வெள்ளி ஒரு மலாயா வெள்ளிக்குச் சமம் என்று அட்டவணை போட்டு அந்தக் கணக்குகளைத் தீர்த்தார்கள். வழக்காடியவர்களுக்கு அட்டவணை கிடைத்தது. கூலியை நோட்டாக வாங்கியவர்களுக்கு அட்டவணை இல்லை.

இந்த அனுபவம் ஒரு பாடத்தை நம்மவர் நெஞ்சில் ஆழமாகப் பதித்தது. ‘எந்த ஆட்சி வந்தாலும் போனாலும் பழைய வெள்ளைக்காரன் நோட்டைக் கைவிடாதே’ என்பதே அது. இந்தப் பாடம் எங்கள் வீட்டை என்ன செய்தது என்று கேளுங்கள்.

போருக்குப்பின் எலிசபெத் ராணியாரின் தலை போட்ட நோட்டுகள் வந்தன. அவற்றை மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியம் வெளியிட்டது. பின்னால் பாய்மரப் படகு போட்ட ஒரு வெள்ளியும், எருமை பூட்டி உழும் பத்து வெள்ளியும் வந்தன. நாடு விடுதலை பெற்று, 1959இல் பேங்க் நெகாரா தோன்றி, 1967 ஜூன் 12ஆம் நாள் நம் சொந்த நோட்டு வெளிவந்தது. முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் படம் அதில். பழைய நோட்டும் புதிய நோட்டும் ஒன்றுக்கு ஒன்று சமம்; மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ‘சமம்’ என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பாட்டிக்கு எப்படி இருந்திருக்கும்! புது நோட்டு வந்தால் செலவு செய்; பழைய நோட்டைப் பெட்டியில் வை. அப்பாவிடம் அப்படித்தான் சொன்னார். அப்பாவும் இருநூறு வெள்ளி பழைய நோட்டைப் பத்திரப்படுத்தினார்.

ஐந்து மாதம் கழிந்தது. நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை நூற்றுக்குப் பதினான்கு சொச்சம் குறைத்தது. பழைய நோட்டு பவுனோடு கட்டிய படகு. பவுன் தாழ்ந்ததும் அதுவும் தாழ்ந்தது. நம் புது வெள்ளி தன் பொன்மதிப்பில் அப்படியே நின்றது. விடிந்தபோது பழைய ஒரு வெள்ளிக்கு எண்பத்தைந்து காசு. நாட்டில் பழைய நோட்டை மிகுதியாக வைத்திருந்தவர்கள் யார்? வங்கிக் கணக்கு உள்ளவனுடைய பணம் வங்கியில் இருந்தது. தலையணைக்குள் வைத்திருந்தவர்கள் சிறு கடைக்காரர்களும் மீனவர்களும் தோட்ட மக்களும்தான். பினாங்கில் நவம்பர் 24இல் கடையடைப்பு நடந்து, அது கலவரமாகி, ஊரடங்குச் சட்டம் போடும் அளவுக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் கலவரம் இல்லை. அப்பா இருநூறைக் கொண்டுபோய் நூற்றெழுபதாகக் கொண்டுவந்தார். அந்தக் காலக் கூலிக்கு முப்பது வெள்ளி சின்னத் தொகையன்று. பாட்டி ஒன்றும் பேசவில்லையாம். அன்று மாலை அடுப்பை மூட்டாமல் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

1945இல் பழைய நோட்டை வைத்திருந்தவர் பிழைத்தார்; 1967இல் பழைய நோட்டை வைத்திருந்தவர் இழந்தார். இரண்டு தடவையும் நோட்டின்மேல் இருந்த தலை அதைக் காப்பாற்றவில்லை; பின்னால் நின்ற ஈடு எங்கே, எதனோடு கட்டப்பட்டிருந்தது என்பதே காரணம். லயத்து வீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்கு அதை யார் எடுத்துச் சொன்னார்கள்?

மூன்றாவதாக ஒரு நிறுத்தமும் நம் நாட்டில் நடந்தது. 1999 ஜூலை 1 முதல் ஐந்நூறு, ஆயிரம் ரிங்கிட் நோட்டுகள் செல்லாதவை ஆயின; முந்திய ஆண்டின் பண நெருக்கடியில் நாட்டுக்கு வெளியே பணம் கட்டுக் கட்டாகப் போவதைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகளின் தொடர்ச்சி அது. அதைப்பற்றி நீட்டத் தேவையில்லை. ஆயிரம் ரிங்கிட் நோட்டை நம்மில் எத்தனை பேர் கையில் தொட்டிருக்கிறோம்?

நேயர்களில் சிலர் எங்களைக் கேட்பதுண்டு: வாழைமர நோட்டுக்கு ஜப்பான் அரசாங்கம் இனியாவது பணம் தருமா என்று. ஊருக்கு ஊர் வந்து, நோட்டைப் பதிவு செய்கிறோம், கட்டணம் கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு, ஏமாற வேண்டாம். 1967இல் ஜப்பான் நம் நாட்டுக்கு இருபத்தைந்து மில்லியன் வெள்ளி மதிப்பில் நல்லெண்ண உதவி கொடுத்தது. அது இரு அரசாங்கங்களுக்கு இடையே முடிந்த கணக்கு. நோட்டு வைத்திருந்தவர்களுக்கு அதில் பங்கில்லை. ஹாங்காங்கில் இதேபோல் ஜப்பானிய இராணுவப் பணத்தை வைத்திருந்தவர்கள் தோக்கியோ நீதிமன்றம்வரை போனார்கள்; 1999இல் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. எந்த வங்கியும் இதை வாங்காது.

நாணயம் சேகரிப்பவர்கள் மட்டும் வாங்குவார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். ‘எம்’ எழுத்துக்குப்பின் வரிசை எண் உள்ள நோட்டு அரிது; அதற்கு ஏதோ விலை உண்டு. எழுத்து மட்டும் உள்ளது மலிவு. வீட்டில் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கள் கட்டில் நாற்பத்தாறு நோட்டுகள் எழுத்து மட்டும் கொண்டவை. ஒன்றில் எண் இருந்தது. அதன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு மஞ்சள் கறை, மடிப்பில் கொஞ்சம் குங்குமம். சேகரிப்பாளர் அதற்கு மட்டும் விலை சொன்னார். நாங்கள் கொடுக்கவில்லை. மறுபடியும் வாழைநாரால் கட்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டோம்.